திங்கட்கிழமை வயிற்றுவலி: பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தை என்ன சொல்கிறது?

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. சீருடை தேய்த்து மாட்டியாச்சு. டிபன் பாக்ஸில் சாப்பாடு கட்டியாச்சு. பஸ் வர இன்னும் இருபது நிமிடம். அந்த நேரம் பார்த்து, "அம்மா, வயிறு வலிக்குது. இன்னைக்கு மட்டும் லீவு போட்டுக்கிறேன்மா" என்று பிள்ளை சுருண்டு படுத்துக்கொள்கிறது.

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா விளையாடிக்கிட்டுதானே இருந்தே?" என்று அம்மா கேட்கிறார். "எல்லாம் நடிப்பு. ரெண்டு போடு போட்டா தானா கிளம்பும்" என்கிறார் தாத்தா. "பாவம், ஒரு நாள்தானே, விடு ஆத்தா" என்கிறார் அப்பத்தா. இந்தப் பேச்சுக்கு நடுவே பஸ் வந்து போய்விடுகிறது. பத்து மணிக்கு வலியும் போய்விடுகிறது.

புதுக்கோட்டை நகரத்திலும் சரி, கறம்பக்குடி, ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமங்களிலும் சரி, இந்தக் காட்சியைப் பார்க்காத வீடு குறைவு. தாத்தா சொல்வதுபோல் இது நடிப்பா? அப்பத்தா சொல்வதுபோல் ஒரு நாள் விட்டுவிட்டால் சரியாகிவிடுமா? இரண்டுமே பெரும்பாலும் தவறு. அந்த வலிக்குப் பின்னால் குழந்தையால் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருக்கலாம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, வீட்டில் என்ன செய்வது, அரசின் எந்தச் சேவையை எப்படிக் கேட்டுப் பெறுவது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வலி உண்மையானதுதான்

தேர்வு அறைக்குள் நுழையும் முன் பாத்ரூம் போக வேண்டும்போல் இருந்த அனுபவம் நம் எல்லோருக்கும் இருக்கும். இன்டர்வியூவுக்குக் காத்திருக்கும்போது வயிற்றைப் பிசைந்திருக்கும். அதைத்தான் குழந்தையும் அனுபவிக்கிறது.

பயம் வந்தால் உடல் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் கை கால் தசைகளை நோக்கிப் போகிறது. வயிற்றுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் குறைகிறது, அங்குள்ள தசைகள் இறுகுகின்றன. குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு மிக அதிகம் என்பதால் மனதில் இருக்கும் பதற்றம் வயிற்றில் வலியாகத் தெரிகிறது. சில குழந்தைகளுக்குத் தலைவலி வரும், சிலருக்கு வாந்தி வரும்.

லீவு என்று முடிவானதும் பயம் விலகும், வலியும் விலகும். அதைப் பார்த்துத்தான் நாம் "நடிப்பு" என்று முடிவு கட்டுகிறோம். உள்ளே வேறொன்று நடக்கிறது. "வீட்டிலேயே இருந்துவிட்டால் தப்பித்தோம்" என்று மூளை ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது. மறுநாள் பள்ளி இன்னும் கொஞ்சம் பெரிய பயமாகத் தெரியும். ஒரு நாள் லீவு மூன்று நாளாகும், மூன்று நாள் ஒரு மாதமாகும். இடைநிற்றலில் முடிந்த கதைகளும் உண்டு.

பள்ளியை 'கட்' அடித்துவிட்டுச் சுற்றும் பிள்ளைக்கும் இந்தக் குழந்தைக்கும் வித்தியாசம் உண்டு. கட் அடிக்கிற பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கும். பயத்தில் இருக்கிற குழந்தை வீட்டிலேயே நம் கண் முன்னால் இருக்கும். போக வேண்டும் என்ற ஆசைகூட அதற்கு இருக்கலாம், முடியாமல்தான் தவிக்கிறது.

முதலில் உடலைப் பாருங்கள். காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், தூக்கத்தில் எழுப்பும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம் போன்றவை இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். குடற்புழு, மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகத் தயங்கி, நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கும் பெண் குழந்தைகளுக்கு வரும் வலி வேறு வகை. அதற்கு மருந்து கழிப்பறையைச் சரிசெய்வது. டாக்டர் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொன்ன பிறகும் வலி தொடர்ந்தால் மனதின் பக்கம் திரும்ப வேண்டும்.

'பொருத்தப்பாடு' என்றால் என்ன?

பி.எட். படித்தவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். ஒருவர் தன் தேவைகளையும் சுற்றியுள்ள சூழலையும் இணக்கமாக வைத்துக்கொள்வதைக் கல்வி உளவியலில் பொருத்தப்பாடு என்கிறார்கள். பள்ளியைப் பொறுத்தவரை பாடம், ஆசிரியர், சக மாணவர், பள்ளி நேரம், விதிமுறை ஆகிய எல்லாவற்றோடும் குழந்தை ஒத்துப்போவதுதான் அது.

இதில் நாம் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறோம். "நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறோம். செருப்பு கடித்தால் காலைக் குறை சொல்வதில்லையே! குழந்தை பள்ளிக்கு ஒத்துப்போக வேண்டும் என்றால், வீடும் பள்ளியும் குழந்தைக்கு ஒத்துப்போக வேண்டும். இந்தக் கட்டுரையில் இருந்து ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இது எவ்வளவு பரவலான பிரச்சினை? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பது தெரியவந்தது. நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் சுமார் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். 2022 ஜனவரி முதல் மார்ச் வரை தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் ஏறத்தாழ 3.79 லட்சம் மாணவர்களிடம் கேட்டபோது, படிப்பு, தேர்வு, ரிசல்ட் ஆகியவையே பதற்றத்துக்குக் காரணம் என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள்.

வீட்டில் இருந்து வரும் பாரம்

குழந்தை புத்தகப் பையை மட்டும் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போவதில்லை. வீட்டுக் கவலையையும் சேர்த்துச் சுமக்கிறது.

நம் மாவட்டத்தில் அறந்தாங்கி, கீரமங்கலம், மணமேல்குடி பகுதிகளில் அப்பா சிங்கப்பூர், மலேசியா அல்லது வளைகுடா நாட்டில் இருக்கும் வீடுகள் நிறைய. அப்பா இரவு வீடியோ காலில் வருவார். "சாப்பிட்டியா? எத்தனை மார்க்கு?" இந்த இரண்டு கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். தூரத்தில் இருந்து கஷ்டப்படும் அப்பாவுக்குப் பிள்ளையின் மார்க்தான் ஒரே ஆறுதல், அது புரிகிறது. ஆனால் குழந்தைக்கு "மார்க் குறைந்தால் அப்பா கஷ்டப்படுவது வீண்" என்று தோன்ற ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு தேர்வும் அப்பாவின் உழைப்புக்குக் கணக்குக் காட்டுகிற நாளாகிவிடுகிறது. வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கும் அப்பாக்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள்: இன்று இரவு மார்க்கை விட்டுவிட்டு, "இன்னைக்கு யாரோட உட்கார்ந்து சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் கதை வேறு. கடலுக்குப் போன அப்பா இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டார் என்ற செய்தி வரும் வீட்டில், குழந்தை மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் மனம் அங்கே இருக்காது. கவனம் சிதறும், திடீரென்று கோபம் வரும். அந்த நேரத்தில் "ஏன் ஹோம்வொர்க் எழுதலை?" என்று நிற்க வைத்தால் குழந்தைக்குப் பள்ளியும் அந்நியமாகிவிடும். இப்படிப்பட்ட நாளில் குடும்பத்தில் யாராவது வகுப்பாசிரியருக்கு ஒரு போன் செய்து நிலைமையைச் சொல்லிவிடுவது பெரிய உதவி.

அம்மா அப்பா சண்டை, குடிப்பழக்கம், கடன்காரர் வாசலில் நிற்பது போன்றவையும் அப்படித்தான். குழந்தைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். பக்கத்து அறையில் தூங்குவதுபோல் படுத்திருக்கும் குழந்தைக்கு எல்லாம் கேட்கிறது. "நான் ஸ்கூலுக்குப் போன நேரத்துல அம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்ற பயத்திலேயே வீட்டைவிட்டு நகர மறுக்கும் குழந்தைகள் உண்டு. அந்த இடத்தில் பிரச்சினை பள்ளியில் இல்லை.

புயலும் ஊரடங்கும் விட்டுச் சென்றவை

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்ததை நம் மாவட்டம் மறக்காது. ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் தென்னைகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நட்ட தென்னை காய்க்க ஐந்து, ஆறு ஆண்டுகளாவது ஆகும் என்பதால் பெரியவர்கள் வருமானக் கணக்குப் போட்டுக் கலங்கினார்கள். குழந்தைகளுக்கு அந்த இரவின் சத்தம்தான் நினைவில் நின்றது. பேரிடருக்குப் பிறகு காற்று பலமாக அடித்தால் அழுவது, தனியாகத் தூங்க மறுப்பது, நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்புவது, பள்ளிக்குப் போக மறுப்பது எல்லாம் குழந்தைகளிடம் வழக்கமாகக் காணப்படும் எதிர்வினைகள். பெரும்பாலானவர்களுக்கு அன்பான பேச்சும் பழைய தினசரி ஒழுங்கும் திரும்பினாலே சில வாரங்களில் சரியாகிவிடும். ஆகாதவர்களுக்கு உதவி தேவை.

அடுத்து கொரோனா. 2020 மார்ச் நடுவில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. 19 மாதங்களுக்கு மேல்! கணக்குப் போட்டுப் பாருங்கள். 2019-20-ல் நான்காம் வகுப்பில் இருந்த குழந்தை, ஐந்தாம் வகுப்பு அறையைப் பார்க்காமலே ஆறாம் வகுப்புக்குப் போனது. பழைய நண்பர்களிடம் விடைபெறவில்லை, புதிய பள்ளிக்கு மெல்லப் பழகவும் இல்லை. 2025-26-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வந்தவர்கள் இந்தக் குழந்தைகள்தான். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமையே இல்லை" என்று சொல்லும் முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம். அந்த இழப்பைச் சரிசெய்யத்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யும் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் வந்தன. இல்லம் தேடிக் கல்வி மையத்தில், தெரிந்த அக்கா ஒருவர் தெருத் திண்ணையிலேயே சொல்லிக்கொடுத்தபோது, வகுப்பில் வாய் திறக்காத பல குழந்தைகள் அங்கே பேசின.

பள்ளிக்குள் என்ன நடக்கிறது?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் படித்தேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்தே நாற்பது பேர்தான். ஆறாம் வகுப்புக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய பள்ளி, ஒரு செக்‌ஷனிலேயே அறுபது பேர். முதல் வாரத்தில் ஆங்கிலப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். ஒரு வார்த்தையைத் தப்பாக வாசித்துவிட்டேன். ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அந்தத் தப்பான வார்த்தையே எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது. யாரும் என்னை அடிக்கவில்லை. ஆனால் ஆங்கில பீரியட் முதலில் வரும் நாளில் எல்லாம் எனக்குத் தலைவலி வந்தது. வீட்டில் கண்ணாடி போட வேண்டுமோ என்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்!

இரண்டு மாதம் கழித்து வேறொரு ஆசிரியர், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைப்புச் செய்தி வாசிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். தமிழ்ச் செய்திதான். முந்தைய நாளே தாளைக் கொடுத்துப் பழகச் சொன்னார். தலைவலி எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை. பட்டப்பெயர் மட்டும் ஒரு வருடம் இருந்தது.

பள்ளிக்குள் குழந்தையைப் பாதிப்பவை பெரும்பாலும் இப்படிச் சின்னதாகத்தான் தொடங்கும். இடைவேளையில் யாரும் சேர்த்துக்கொள்ளாதது, பஸ்ஸில் பெரிய பையன்கள் செய்யும் சீண்டல், நிறத்தையோ உடம்பையோ வைத்துக் கேலி, வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து ஒருவரை மட்டும் நீக்குவது. முன்பு கேலி பள்ளி கேட்டோடு நின்றுவிடும். இப்போது செல்போன் வழியாக வீட்டுக்குள், படுக்கை வரைக்கும் வருகிறது.

சில சின்னதாகவே இருப்பதில்லை. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 12-ம் வகுப்பு மாணவர் ஒருவர் சாதியின் பெயரால் சக மாணவர்களால் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டார், தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். அதற்கு முன் சில நாள்கள் அவர் பள்ளிக்கு வராமல் இருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்த பிறகுதான் அவர் அனுபவித்த தொல்லை வெளியே தெரிந்தது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. மாணவர்களிடையே சாதி உணர்வைத் தடுப்பது பற்றிய அதன் அறிக்கை 2024 ஜூனில் அரசிடம் வழங்கப்பட்டது. வருகைப் பதிவேட்டில் விழும் ஒரு 'ஆப்சென்ட்' எவ்வளவு பெரிய செய்தியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொரு காரணம் பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நன்றாகப் பேசும், புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்கும் குழந்தை, எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் திணறும். எழுத்துகளை மாற்றி எழுதும். 'டிஸ்லெக்சியா' எனப்படும் கற்றல் குறைபாடு இருக்கலாம். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சோம்பேறி, மக்கு என்று தினமும் கேட்கும் குழந்தை பள்ளியை வெறுப்பதில் ஆச்சரியம் என்ன? 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டுள்ளது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்டுப் பெறலாம்.

இந்த மண்ணிலேயே ஒரு பாடம்

குழந்தைக்காகப் பள்ளி மாறுவதா, நடக்கிற காரியமா என்று கேட்கலாம். நம் ஊரிலேயே நடந்திருக்கிறது.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. பெண் குழந்தைகள் வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிடும் காலம் அது. தாயார் சந்திரம்மாள் தேவதாசி சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதால் ஏளனமும் சேர்ந்துகொண்டது. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் அவர் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். தந்தை நாராயணசாமி மகளின் பக்கம் உறுதியாக நின்றார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி 1912-ல் டாக்டரானார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியில் உருவானது.

அவருடைய திறமையும் மனவலிமையும் பெரியவைதான். ஆனால் வீட்டில் ஒருவர் "நீ போ, நான் இருக்கிறேன்" என்று சொன்னதையும், கல்லூரிக் கதவு அவருக்காகத் திறந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அன்று மாறியது அந்தப் பெண் அல்ல, அந்தக் கல்லூரி. 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்திலும் இதுதான் நடந்தது. பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத பெண்களின் தெருவுக்குப் பாட்டும் நாடகமும் சைக்கிளுமாகப் பாடம் போனது, அவர்களும் படித்தார்கள்.

சரி, நாளைக் காலை என்ன செய்வது?

ஞாயிறு இரவே தொடங்குங்கள். பையை அடுக்குவது, சீக்கிரம் தூங்குவது, செல்போனை ஒன்பது மணிக்கு மேல் பெரியவர்களும் சேர்ந்து ஒதுக்கிவைப்பது ஆகிய மூன்றும் காலைப் பதற்றத்தைப் பாதி குறைக்கும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் உள்ள பள்ளி என்றால், அந்த நேரத்துக்குக் குழந்தை போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதே நாளை நல்லபடியாகத் தொடங்கி வைக்கும்.

"ஏன் போக மாட்டேங்கிற?" என்று கேட்காதீர்கள். அந்த 'ஏன்' பல குழந்தைகளுக்கே தெரியாது. சாயங்காலம், அவசரமில்லாத நேரத்தில், பூக்கட்டும்போதோ வண்டியில் போகும்போதோ இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"ஸ்கூல்ல எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு கண்ணு? பஸ்ஸா, பிரேயரா, சாப்பாட்டு நேரமா, ஏதாவது ஒரு பீரியடா?"

"ஸ்கூல்ல ஒரே ஒரு விஷயத்தை மாத்தலாம்னா எதை மாத்துவே?"

"உன்னைத் திட்ட மாட்டேன். தெரிஞ்சாதானே உதவி பண்ண முடியும்?"

பதில் வந்ததும் "இதுக்குப் போயா?" என்று சொல்லிவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். "அப்படியா, கஷ்டமாதான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். மிச்சமும் வரும்.

லீவைப் பரிசாக்காதீர்கள். உடலுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் வீட்டில் இருக்க நேர்ந்தால் அன்று டிவி, செல்போன் வேண்டாம். பள்ளி நேரத்தில் பாடப் புத்தகம், ஓய்வு, இரண்டு மட்டும். தண்டனையாகச் சொல்லாமல் வீட்டு வழக்கமாகவே சொல்லுங்கள்.

படிப்படியாகத் திரும்பட்டும். பல நாள் போகாத குழந்தையை ஒரே நாளில் முழு நேரம் உட்கார வைப்பது கஷ்டம். வகுப்பாசிரியரிடம் பேசி, முதல் நாள் பிடித்த ஆசிரியரைப் பார்த்துவிட்டு வருவது, அடுத்து மதியம் வரை, பிறகு முழு நாள் என்று ஒரு வாரத்துக்குத் திட்டம் போடலாம். பக்கத்து வீட்டுத் தோழன் ஒருவனோடு சேர்த்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வரும் குழந்தையிடம் "என்ன, துரை இன்னைக்குத்தான் வந்தாரா?" என்று கேட்டால் ஒரு வார முயற்சி ஒரு நிமிடத்தில் வீணாகிவிடும். "வா, உன் இடம் அப்படியே இருக்கு" என்றால் போதும். அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி தடை செய்யப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம்.

எப்போது உதவி தேட வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்காதீர்கள்:

• தூக்கமோ பசியோ வெகுவாகக் குறைவது அல்லது கூடுவது
• முன்பு பிடித்த விளையாட்டு, நண்பர்கள் எதிலும் ஆர்வமில்லாமல் ஒதுங்குவது
• மார்க் திடீரென்று சரிவது, பாடத்தில் கவனமே நிற்காதது
• காரணமில்லாத அழுகை, வளரிளம் பருவத்தினரிடம் அடிக்கடி வெடிக்கும் கோபம்
• நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்புவது
• வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் பள்ளிக்குப் போக மறுப்பது

"நான் இருந்து என்ன பயன்?", "செத்துப்போயிடலாம்போல இருக்கு" போன்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் பார்க்கவே கூடாது. மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே உதவி கேளுங்கள். குழந்தையைத் தனியாக விடாதீர்கள். அதைப் பற்றி நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற தைரியம்தான் வரும்.

செல்போனில் சேமித்து வைக்க வேண்டிய எண்கள்

14416: மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். பெற்றோரும் பேசலாம், பிள்ளையும் பேசலாம். எப்படித் தொடங்குவது என்று தயக்கமா? "என் பிள்ளைக்கு 12 வயசு, மூணு வாரமா ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது" என்று ஒரு வரி சொன்னால் போதும், மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

14417: பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். படிப்பு, தேர்வுப் பயம், பள்ளியில் நடக்கும் தொல்லை பற்றிய சந்தேகத்துக்கும் புகாருக்கும்.

1098: குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரம். அடி, பாலியல் தொல்லை, குழந்தைத் திருமண முயற்சி, குழந்தைத் தொழிலாளர் எதுவானாலும். பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தவர் அதைத் தெரிவிக்க வேண்டியது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். குழந்தையின் அடையாளம் வெளியிடப்படாது.

104: மருத்துவ உதவி மற்றும் ஆலோசனை எண்.

நேரில் பார்க்க வேண்டும் என்றால், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வெளிநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டலாம், கட்டணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் குறிப்பிட்ட நாள்களில் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் மனநல மருத்துவர் வருவார். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வையுங்கள். கற்றல் குறைபாடு சந்தேகம் என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பார்வைக்குக் கொண்டுபோகலாம்.

பள்ளிக்குள்ளேயே 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. பேசத் தயங்கும் குழந்தை எழுதிப் போடலாம். கழிப்பறை, குடிநீர், பஸ் நேரம், கேலி போன்ற பொதுப் பிரச்சினைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்பலாம். அந்தக் குழுவில் பெரும்பான்மை உறுப்பினர்கள் பெற்றோர்தான், தலைவரும் ஒரு பெற்றோர்தான். அழைப்பு வந்தால் வேலைக்கு நடுவே அரை மணி நேரம் ஒதுக்கிப் போய்விட்டு வாருங்கள்.

"மனநல டாக்டர்கிட்ட போனா ஊர் என்ன சொல்லும்?" என்ற தயக்கம் இன்னும் இருக்கிறது. பல் வலித்தால் பல் டாக்டர், கண் மங்கினால் கண் டாக்டர். பயம் பிடித்தால் அதற்கும் டாக்டர் உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு மாத்திரைகூடத் தேவைப்படாது, சில வாரம் பேச்சும் பயிற்சியும் போதும்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் "வயிறு வலிக்குது" என்று குரல் கேட்டால், பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. அதில் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். வயிற்றைத் தடவிக்கொடுத்து, "வலிக்குதுன்னு நம்புறேன். சாயங்காலம் வந்ததும் நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம். இப்போ கிளம்பு, வாசல் வரைக்கும் நானும் வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். சாயங்காலம் மறக்காமல் பேசுங்கள்.